ஆர்.டி.எக்ஸ் 5060 டி.ஐ: ஒரே பெயரில் இரண்டு கார்டு

என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் 5060 டி.ஐ கிராபிக்ஸ் கார்டு 2025 ஏப்ரல் 16 அன்று விற்பனைக்கு வந்தது. 8 ஜிபி கார்டுக்கு அறிவித்த விலை 379 டாலர், 16 ஜிபிக்கு 429 டாலர். சிப் இரண்டிலும் ஒன்றேதான்: 4608 குடா கோர் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 128 பிட் மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை), நொடிக்கு 448 ஜிபி கடத்தும் ஜி.டி.டி.ஆர் 7 மெமரி, 180 வாட் மின்சாரம். பெட்டியின் முகப்பிலும் ஒரே பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போனது பெரும்பாலும் 16 ஜிபி கார்டு மட்டுமே. முதல் வாரத்தில் எல்லோரும் பார்த்த நல்ல எண்கள் அதற்குரியவை. அவற்றை நம்பி 8 ஜிபியைக் கையில் வாங்குபவர் வேறொரு பொருளுக்குப் பணம் கொடுக்கிறார்.

வித்தியாசம் எங்கே என்று பார்ப்போம். 128 பிட் பஸ்ஸில் 32 பிட்டாக நான்கு வழிகள். வழிக்கு ஒரு 2 ஜிபி சிப் வைத்தால் 8 ஜிபி. 16 ஜிபி கார்டில் அதே வழிக்கு இரண்டு சிப். கூடுதல் நான்கும் போர்டின் பின்பக்கம் உட்காரும். ஆகவே 16 ஜிபி என்பதால் மெமரியின் வேகம் கூடாது, கொள்ளளவுதான் கூடும். கேமுக்கு 7 ஜிபி போதுமென்றால் இரண்டு கார்டும் ஒரே ஃப்ரேம் எண்ணிக்கையைத்தான் காட்டும். 9 ஜிபி தேவைப்படும்போதுதான் கதை மாறுகிறது.

வி-ரேம், அதாவது கார்டின் சொந்த மெமரி, நிரம்பினால் மிச்சத் தரவு கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில் போய்த் தங்கும். தேவைப்படும்போதெல்லாம் கார்டை மாட்டும் பி.சி.ஐ.இ ஸ்லாட் வழியாக வந்துபோகும். 5060 டி.ஐ, ஸ்லாட்டின் 16 லேனில் (தரவுப் பாதையில்) எட்டை மட்டுமே பயன்படுத்துகிறது. பி.சி.ஐ.இ 5.0 மதர்போர்டில் அது நொடிக்கு ஏறக்குறைய 32 ஜிபி; 4.0 என்றால் 16, 3.0 என்றால் 8. கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 எம்பி டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படத்தை) கார்டின் சொந்த மெமரியிலிருந்து படிக்க ஒரு மில்லி நொடிதான் ஆகும். 5.0 ஸ்லாட் வழியாக வந்தால் 16 மில்லி நொடி. 3.0 வழியாக வந்தால் 62. 60 எஃப்.பி.எஸ்ஸில் (நொடிக்கு 60 ஃப்ரேம்) ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரமே 16.7 மில்லி நொடி. 3.0 ஸ்லாட்டில் ஏறக்குறைய நான்கு ஃப்ரேம் அப்படியே விழுங்கப்படும். திரையில் அது ஒரு திடீர் உதறலாகத் தெரியும்.

சராசரி எஃப்.பி.எஸ்ஸை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. "1 சதவீத லோ" என்று தரும் எண்ணை, அதாவது மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகத்தைப் பாருங்கள்; சராசரி 70, லோ 25 என்றால் அந்த கேம் விளையாடத் தகுந்ததாக இல்லை. சில கேம்கள் எஃப்.பி.எஸ்ஸைக் காப்பாற்ற டெக்ஸ்சரைத் தாமே குறைத்துவிடும். பக்கத்தில் நிற்கும் சுவர்கூடக் களிமண் பூசியதுபோல் மங்கிக் கிடக்கும், எண்ணிக்கையோ நன்றாகவே இருக்கும். இன்னொன்றும் உண்டு. இந்தக் கார்டின் பெரிய விளம்பரமே டி.எல்.எஸ்.எஸ் 4-இன் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன்தான், அதாவது ஏ.ஐ மூலம் இடை ஃப்ரேம்களை உருவாக்கிச் சேர்ப்பது. அதுவும் ரே டிரேஸிங்கும் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரைவது) தங்கள் பங்குக்கு வி-ரேம் கேட்பவை. எந்த வசதிக்காகக் கார்டை வாங்குகிறோமோ அதை ஆன் செய்ததும் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது.

பழைய மதர்போர்டில் புதுக் கார்டு போடுபவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். ஏ.எம்.டியின் பி450, ஏ520 போர்டுகள், 10ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் எல்லாமே பி.சி.ஐ.இ 3.0. பி550 போர்டு வைத்திருந்தாலும் ரைசன் 5 5600ஜி போட்டிருந்தால் 3.0தான், அதே போர்டில் 5600 போட்டால் 4.0. பலருக்கு இது கார்டு மாட்டிய பிறகுதான் தெரியவருகிறது. இப்படிப்பட்ட சிஸ்டத்துக்கு 8 ஜிபி 5060 டி.ஐ வேண்டவே வேண்டாம்.

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டும் 1080பியில் விளையாடுவோருக்கு 8 ஜிபி தாராளம். ஆனால் அவர்களுக்கு இந்தச் சிப்பே அதிகம். அங்கே பிராசஸர்தான் வேகத்தை முடிவுசெய்கிறது. 299 டாலருக்கு வந்த 5060 போதும். அப்படியானால் 8 ஜிபி 5060 டி.ஐ யாருக்கு? எங்கள் பார்வையில் யாருக்கும் இல்லை.

பட்ஜெட் இடித்தால் 16 ஜிபியை விட்டு இறங்காமல் கார்டை மாற்றுங்கள். 2025 ஜூனில் 349 டாலருக்கு வந்த ஏ.எம்.டி ரேடியான் ஆர்.எக்ஸ் 9060 எக்ஸ்.டி 16 ஜிபி நல்ல மாற்று. முழு 16 லேனும் இதில் உண்டு, எனவே 3.0 போர்டுக்காரர்களுக்கு இதுவே முதல் தேர்வு. சாதாரண ரெண்டரிங்கில் 5060 டி.ஐயை ஒட்டியே வருகிறது. கனமான ரே டிரேஸிங்கில் பின்தங்கும். பிளெண்டர் போன்ற 3டி மென்பொருள், குடா சார்ந்த வேலைகள் இருந்தால் என்விடியாதான். கவனம், 9060 எக்ஸ்.டியிலும் 299 டாலரில் 8 ஜிபி வடிவம் அதே பெயரில் உலவுகிறது. இன்டெல் ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் ரீசைசபிள் பார் (பிராசஸர் கார்டின் முழு மெமரியையும் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இல்லாத பழைய சிஸ்டத்திலும் வலுக்குறைந்த பிராசஸரோடும் அதன் வேகம் நன்றாகவே சரியும்.

எஸ்.எம்.பி.எஸ் (மின்சாரம் தரும் பெட்டி): என்விடியா சொல்வது 600 வாட். 65 வாட் பிராசஸரோடு தரமான 550 வாட் தாங்கும். ஸ்டிக்கரில் பெரிதாக அச்சிட்ட வாட்டை நம்பாமல் 12 வோல்ட் வரிசையின் ஆம்பியரைப் பாருங்கள். 38 ஆம்பியர் என்றால் 456 வாட், போதும். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் இதைக் கட்டாயம் பாருங்கள். பல மாடல்களுக்கு ஒரே ஒரு 8 பின் கேபிள் போதும். அது 6+2 ஆகப் பிரியும். 4+4 ஆகப் பிரிவது பிராசஸருக்கு உரியது, அதை அழுத்தித் திணிக்கக் கூடாது. மோலெக்ஸிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் உருகிப்போகக்கூடும், தொடாதீர்கள்.

மாட்டும் முன் மதர்போர்டு பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். அதில் சி.எஸ்.எம்மை (பழைய பூட் முறையை) ஆஃப் செய்து, அபவ் 4ஜி டிகோடிங், ரீசைசபிள் பார் இரண்டையும் ஆன் செய்யுங்கள். 5060 வரிசைக் கார்டுகள் சில போர்டுகளில் ரீபூட்டின்போது கறுப்புத் திரையோடு நின்றதால், என்விடியாவே ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் டூலை வெளியிட்டது. அப்படி நின்றால் பிராசஸரின் உள் கிராபிக்ஸ் வழியாக பூட் செய்து அந்த டூலை ஓட்டலாம். எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸரில் உள் கிராபிக்ஸ் கிடையாது. அதனால் பழைய கார்டை உடனே விற்றுவிடாதீர்கள். மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் குத்த வேண்டும், மதர்போர்டில் அல்ல. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் அதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பல வீடுகளில் அது இன்னும் 60-இலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் படியுங்கள். வால்பகுதியில் 16ஜி இருக்கிறதா 8ஜி இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. ஜி.எஸ்.டி பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் ஏற வேண்டும். வாரண்டிக்கு அந்தச் சீரியல்தான் ஆதாரம். ஆன்லைன் என்றால் பெட்டி பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள்.

டிரைவர் போட்டதும் ஜி.பி.யு-இசட் என்ற மென்பொருளைத் திறந்தால் மெமரி சைஸ் வரியில் 16384 எம்பி என்று இருக்க வேண்டும். பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் லேன் எண்ணிக்கை x8 என்று வரும். கார்டு சும்மா இருக்கும்போது அங்கே பி.சி.ஐ.இ தலைமுறையை 1.1 என்று காட்டும், பயப்பட வேண்டாம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓட்டினால் உண்மையான தலைமுறை தெரியும். x4 என்று வந்தால் மெஷினை அணைத்து, கார்டைக் கழற்றி, பிராசஸருக்கு மிக அருகில் உள்ள நீள ஸ்லாட்டில் கிளிப் "டிக்" என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள்.