சிங்கப்பூரில் எந்த வங்கி? கேட்ட தம்பிக்குக் கொஞ்சம் நீளமான பதில்

டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி. சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் நம் ஆட்களில் பெரும்பாலோர் இந்த மூன்றில் ஒன்றில்தான் சம்பளக் கணக்கு வைத்திருக்கிறோம். வட்டி எவ்வளவு, எந்தக் கார்டுக்கு என்ன கேஷ்பேக் என்பதெல்லாம் அவரவர் தளத்திலேயே இருக்கிறது, அடிக்கடி மாறவும் செய்கிறது, அதனால் அதை இங்கே நான் ஒப்பிடப் போவதில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன், "அண்ணே, எந்த பேங்க்ல அக்கவுண்ட் ஓபன் பண்றது?" என்று கேட்டான். வேறு சமயமாக இருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருப்பேன். அவன் கேட்டதோ, நான் என் வங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். என் வங்கி எது என்று சொல்லப் போவதில்லை, யாரும் துருவிப் பார்க்கவும் வேண்டாம், ஏனென்றால் நான் சொல்லப்போகும் சிக்கல் ஒரு வங்கியோடு முடிகிற விஷயம் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் அது விட்டுப்போய்விடக் கூடாது.

இத்தனை வருடத்தில் இந்த வங்கியின் ஆப் என்னைக் கைவிட்டதாக நினைவில்லை. வாடகை, போன் பில், வருமான வரித் தவணை எல்லாம் ஜைரோவில் தானாகப் போகின்றன. 2017 ஜூலையில் பேநவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற வசதி வந்த பிறகு பணம் கொடுக்கல் வாங்கல் அடியோடு மாறிவிட்டது. போன் நம்பர் இருந்தால் போதும், அல்லது ஃபின் எண் (இங்கே வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்), எந்த வங்கியில் இருந்து எந்த வங்கிக்கு என்ற பேச்சே இல்லை. தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கினாலும் க்யூஆர் அட்டையை நீட்டுகிறார்கள். நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து எம்ஆர்டி ரயில் நிலையப் படி இறங்குவதற்குள் அவரவர் பங்கு வந்து சேர்ந்துவிடும். ஊரிலிருந்து வந்து இதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை, நம் ஊரில் யூபிஐ அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் 2023 பிப்ரவரி 21 அன்று இரண்டையும் இணைத்தார்கள் பாருங்கள், அன்று நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. எல்லா வங்கியிலும் கிடைக்காது, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) உச்சவரம்பு, ஆனாலும் அம்மாவுக்கு மருந்து வாங்கவோ கோயில் கைங்கரியத்துக்கோ அது தாராளம்.

பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். 2021 கடைசியில் குறுஞ்செய்தி மோசடியில் நூற்றுக்கணக்கானவர்கள் சேமிப்பைப் பறிகொடுத்த பிறகு வங்கிகள் குறுஞ்செய்தியில் சொடுக்கும் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. புது போனில் டிஜிட்டல் டோக்கனை (ஆப்பில் பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் சாவி) பதிந்தால் அது வேலை செய்யத் தொடங்கக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும். போன் மாற்றிய அன்று அந்த 12 மணி நேரம் எரிச்சலாக இருக்கும், ஆனால் அது இருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஒரு தடவை நள்ளிரவு தாண்டி என் கார்டில் எங்கோ கேள்விப்படாத தளத்தில் யாரோ பொருள் வாங்க முயன்றார்கள், வங்கிக்குப் போன் செய்தேன், அந்த நேரத்திலும் மனிதக் குரல் ஒன்று பதில் சொல்லி, கார்டை முடக்கி, அந்தத் தொகை என் தலையில் விழாமல் பார்த்துக்கொண்டது. அந்த ராத்திரி அந்தப் பெண் பேசிய பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

இனி என் பிரச்சினை. பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இன்ஷியல்தான். எஸ். பாலகிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தால், எஸ் என்பது சுப்பிரமணியன், அவருடைய அப்பா. ஊர் வங்கிக் கணக்கு இன்ஷியலோடு முன்னால் எழுதியிருக்கும், ஆதாரில் இன்ஷியல் பின்னால் போயிருக்கும், பாஸ்போர்ட்டில் இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பாஸ்போர்ட்டை வைத்து இங்கே வேலை அனுமதி அட்டை வரும், அந்த அட்டையை வைத்து வங்கிக் கணக்கு. இங்கே சீனர்கள் குடும்பப் பெயரை முதலில் எழுதுகிறவர்கள், அதே வரிசையில் என் பெயரும் ஏறிவிட்டது. ஆக, வங்கியைப் பொறுத்தவரை நான் மிஸ்டர் சுப்பிரமணியன். (என் நிஜப் பெயர் இது இல்லை, ஆனால் கதை இதேதான்.) இங்கே பிறந்த தமிழர்களுக்குப் பெயருக்கு நடுவில் எஸ்/ஓ, டி/ஓ என்று இருக்கும், எது சொந்தப் பெயர், எது அப்பா பெயர் என்று யாருக்கும் புரிந்துவிடும். நமக்கு அந்த அடையாளமும் இல்லை.

டெபிட் கார்டை எடுத்துப் பார்க்கிறேன். அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. அதற்குப் பிறகு என் பெயரின் முதல் நாலைந்து எழுத்து, அப்புறம் இடம் முடிந்துவிட்டது. அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. வங்கியில் இருந்து வரும் ஒவ்வொரு கடிதமும் மின்னஞ்சலும் அவர் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைக்கிறது. எனக்கு அது மனசை என்னவோ செய்கிறது. முன்பு பேநவ்வில் நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம், என் சொந்தப் பெயரை வைத்திருந்தேன், 2025இல் மோசடியைத் தடுக்க என்று அதையும் எடுத்துவிட்டார்கள், இப்போது வங்கியில் பதிவான பெயர்தான் தெரிகிறது. எனக்குப் பணம் அனுப்புகிற ஒவ்வொருவரும், "இது யாரு, நம்பர் சரிதானா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

இதுவரைக்கும் சகித்துக்கொண்டேன். ஊரில் வீடு கட்ட ஆரம்பித்த பிறகுதான் வினை வந்தது. மேல்தளம் கான்கிரீட் போட நாள் குறித்தாகிவிட்டது. மேஸ்திரி, கம்பிக்காரர், கலவை மிஷின்காரர் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஆப்பிலிருந்து ஊரில் உள்ள என் என்ஆர்இ கணக்குக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஊரில் போட்டுவைக்கும் கணக்கு) பெரிய தொகை ஒன்றை அனுப்பினேன். சாதாரணமாக அன்றைக்கே போய்விடும். இந்த முறை போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. இங்கே கேட்டால், "நாங்கள் அனுப்பிவிட்டோம், அந்தப் பக்கம் கேளுங்கள்." அங்கே கேட்டால், "அனுப்பியவர் பெயரும் கணக்கில் இருக்கிற பெயரும் பொருந்தவில்லை சார், நீங்களே உங்களுக்கு அனுப்பியதாகப் போட்டிருக்கிறது, ஆனால் பெயர் வேறே." இரண்டு பக்கமும் என்னைப் பந்தாடினார்கள். கடைசியில் பணம் திரும்பி வந்தது, போனது ஒரு மாற்று விகிதத்தில், வந்தது இன்னொரு விகிதத்தில், நடுவில் கரைந்த வெள்ளி என் பாடு. கான்கிரீட் அன்றைக்கு மச்சான் கைமாற்று வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார், இல்லாவிட்டால் கம்பி கட்டிய தளம் மழையில் நின்றிருக்கும்.

கிளைக்கு நேரில் போனேன். பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை, ஆதார், ஊர் வங்கிப் பாஸ்புக் எல்லாம் கொண்டுபோனேன். இன்ஷியல் என்றால் என்ன என்று முதலில் இருந்த அலுவலருக்கு விளக்கினேன். அவர் மேலாளரைக் கூப்பிட்டார், அவருக்கும் விளக்கினேன். "அனுமதி அட்டையில் உள்ளபடிதான் பெயர் இருக்க முடியும்." சரி, அது எனக்குத் தெரியும், பெயரை மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை. இன்ஷியலோடு உள்ள இன்னொரு பெயரும் எனக்கு உண்டு என்று ஒரு குறிப்பு ஏற்றுங்கள், அல்லது இருவரும் ஒரே ஆள் என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். வங்கிக் கணக்குப் படிவத்தில் மாற்றுப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, காலியாக. அதை நிரப்பக் கேட்டதற்கு, "கணினி ஏற்காது" என்றார்கள். வேறு விளக்கம் இல்லை. அடுத்த முறை போனால் வேறொருவர் இருப்பார், மறுபடி இன்ஷியல் பாடத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

அவர்கள் பக்க நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். 2023 ஆகஸ்ட்டில் இங்கே கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கிய வழக்கில் 10 வெளிநாட்டவரைக் கைது செய்தார்கள், பறிமுதல் செய்ததும் முடக்கியதுமாகச் சொத்து 300 கோடி வெள்ளியைத் தாண்டியது. அந்த விவகாரத்தில் 2025 ஜூலையில் 9 நிதி நிறுவனங்களுக்கு சிங்கப்பூர் நாணய ஆணையம் மொத்தம் 2.7 கோடி வெள்ளிக்கு மேல் அபராதம் போட்டது. அப்படிப்பட்ட நிலையில் வெளிநாட்டவர் கணக்கில் ஓர் எழுத்து மாறினாலும் வங்கிக்காரர் பயப்படத்தான் செய்வார். அந்தக் கவுண்ட்டரில் இருந்த பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தமிழர்கள் இந்த ஊரில் நேற்று வந்தவர்கள் இல்லை. தமிழ் இங்கே ஆட்சிமொழி. சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள், எத்தனை ஆயிரம் பேருக்கு இதே மாதிரி பெயர் இருக்கும். கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிற ஒருவருக்குப் பணம் இப்படி நின்றுபோனால் அவர் வேலையை விட்டுவிட்டு எத்தனை முறை கிளைக்கு அலைய முடியும், ஆங்கிலத்தில் எப்படி இதை விளக்குவார்? காலியாகக் கிடக்கும் ஒரு கட்டத்தை நிரப்புவதற்கு இவ்வளவு பாடு தேவையே இல்லை.

பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு வங்கிக்குப் போனேன். கவுண்ட்டரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க சீனப் பெண்மணி. அட்டையைப் பார்த்தார், நிமிர்ந்து, "இதில் எது உங்கள் பெயர், எது அப்பா பெயர்?" என்று கேட்டார். இந்த ஊரில் ஒரு வங்கி ஊழியர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மாற்றுப் பெயர்க் கட்டத்தில் இன்ஷியலோடு உள்ள பெயரை ஏற்றினார், கார்டில் என்ன அச்சடிக்கலாம் என்றும் கேட்டார். கார்டு தபாலில் வந்தது, என் பெயர் முழுசாக இருக்கிறது. கணினி ஏற்றுக்கொண்டது.

ஆகவே தம்பி, உனக்கு நான் சொல்வது: வட்டியைப் பார்த்து அலையாதே. உச்ச வட்டி வேண்டுமென்றால் பெரும்பாலும் சம்பளத்தோடு கார்டு செலவு, காப்புறுதி, முதலீடு என்று ஏதாவது சேர வேண்டும், வந்த புதிதில் உனக்கு அது எட்டாது. சம்பளம் வந்ததும் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பப் போகிறாய் என்றால் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, அதற்குக் கீழே போனால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொள், அது வங்கிக்கு வங்கி, கணக்குக்குக் கணக்கு வேறு. போட்ட பணம் பத்திரமா என்று கவலைப்படாதே, 2024 ஏப்ரல் முதல் ஒரு வங்கிக்கு 100,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதி உண்டு. சிங்பாஸை (அரசு தரும் டிஜிட்டல் அடையாளம்) முதலில் எடுத்துவிடு, பாதி வேலை அதிலேயே முடியும். வேலை அனுமதி அட்டையில் காலாவதித் தேதி அச்சாகி இருக்காது, க்யூஆரை ஸ்கேன் செய்தால்தான் தெரியும், அனுமதியைப் புதுப்பித்ததும் வங்கியில் புதுத் தேதியை நீயே ஏற்று, இல்லாவிட்டால் ஒரு நாள் கணக்கு பாதியில் நிற்கும். ரூம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு மின்சார பில் வீட்டுக்காரர் பெயரில் வரும், அதனால் முகவரிச் சான்றுக்கு உன் பெயரில் ஒரு போன் பில்லாவது வைத்துக்கொள். ஊரில் உள்ள பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றிவிடு, அது சட்டம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கவுண்ட்டரில் உட்கார்ந்ததும் உன் பெயரை விளக்கு. ஊர்க் கணக்கில் எப்படி இருக்கிறதோ அதை மாற்றுப் பெயராக ஏற்ற முடியுமா என்று கேள். முடியாது என்றால் எழுந்து அடுத்த வங்கிக்குப் போ.

என் பழைய வங்கியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அடுத்த மாதத்தில் இருந்து சம்பளத்தைப் புது வங்கிக்குப் போடச் சொல்லி எச்ஆருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், ஊருக்கு அனுப்புவதும் இனி அங்கிருந்துதான், முதல் தொகை அன்றைக்கே என்ஆர்இ கணக்கில் விழுந்துவிட்டது. பழைய கணக்கை மட்டும் மூடவில்லை. வாடகையும் போன் பில்லும் அதிலிருந்துதான் போகின்றன, புது வங்கியின் ஆப் திறப்பதற்கே அரை நிமிடம் ஆகிறது, ராத்திரி கார்டில் ஏதாவது கோளாறு என்றால் நான் கூப்பிட நினைப்பதும் அந்தப் பழைய நம்பரைத்தான்.