நூறு கிலோமீட்டருக்கான பயிற்சியில் மாரத்தான்: மூன்று ஆண்டு, ஐந்து ஓட்டம்

மூன்று ஆண்டுகளில் ஐந்து மாரத்தான் ஓடியிருக்கிறேன். அதில் நான்கு, மாரத்தானுக்காக ஓடியவை அல்ல. முதலில் 50 கி.மீ., அப்புறம் 12 மணி நேர ஓட்டம், கடைசியில் 100 கி.மீ. என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, பயிற்சிக்கு நடுவில் வந்து உட்கார்ந்தவை. ஐந்தாவதை மட்டும் நேரத்துக்காக ஓடினேன்.

"பயிற்சிக்குத்தானே? நீயே தனியா 42 ஓடிக்கோ, எதுக்குப் பணம் கட்டணும்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தனியாக 35 கி.மீ. ஓடியிருக்கிறேன். முதுகில் தண்ணீர், கைபேசி, மாற்றுக் காலுறை எல்லாம் சுமந்துகொண்டு, வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடுவது வேறு. மூடிய சாலையில், சில கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீரோடு ஆள் நிற்க, விழுந்தால் தூக்க மருத்துவக் குழு இருக்க ஓடுவது வேறு. இன்னொரு காரணமும் உண்டு. சில பெரிய அல்ட்ரா ஓட்டங்களில், அதாவது மாரத்தானைவிட நீண்ட ஓட்டங்களில், குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு மாரத்தானை முடித்துக் காட்டினால்தான் இடமே கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் அப்படித்தான். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கி.மீ. ஓடும் அந்த ஓட்டம் முதன்முதலில் நடந்தது 1921-இல். மாரத்தானுக்கு 42.195 கி.மீ. என்று அதிகாரபூர்வமாகத் தூரம் நிர்ணயித்ததும் அதே 1921-தான். ஆக, மாரத்தான் என்றால் இவ்வளவுதான் என்று உலகம் முடிவு செய்த ஆண்டிலேயே, அதைப்போல் இரண்டு மடங்கு ஓடக் கிளம்பிய கூட்டமும் இருந்திருக்கிறது. அன்று கிளம்பியவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16 பேர்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

இந்த ஐந்தில் முதலாவது, என் முதல் 50 கி.மீ.க்கு ஐந்து வாரம் முன்பு. திட்டம் தெளிவாக இருந்தது: கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 45 விநாடி, மொத்தம் 4 மணி 45 நிமிடம். தாளில் எழுதி ஒட்டியும் வைத்திருந்தேன். ஆனால் ஓட்டம் தொடங்கும் இடத்தில் பாட்டு, கூட்டம், கைதட்டல் எல்லாம் சேர்ந்ததும் தாள் மறந்துவிட்டது. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் 5:40-இல் போனார்கள், நானும் போனேன். மூச்சு வாங்கவே இல்லை. அதுதான் ஏமாற்று வேலை. மாதக்கணக்கில் மெதுவாக, நீளமாக ஓடிப் பழகிய உடம்புக்கு 5:40 முதல் இரண்டு மணி நேரத்துக்குச் சுகமாகவே இருக்கும். பாதித் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் தாண்டினேன். 29-இல் தொடை இறுகியது. 32-இல் நடை. அதற்குப் பிறகு நடந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, நகர்ந்தேன்.

முடித்தது 4 மணி 38 நிமிடத்தில். கவனியுங்கள், திட்டமிட்டதைவிட 7 நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டேன். யாரிடம் சொன்னாலும் பாராட்டுவார்கள். அந்த 7 நிமிடத்துக்கு நான் கொடுத்தது 12 நாள். நான்கு நாள் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கினேன். அதற்குள் இடது கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வாரக் கடைசியில் ஓட வேண்டிய 38 கி.மீ. போயிற்று, அடுத்த வாரத்து இரட்டை ஓட்டமும் போயிற்று. 50 கி.மீ. ஓட்டத்தை எப்படியோ முடித்தேன். ஆனால் அன்று ஓடியது நான் பயிற்சி செய்த உடம்பு இல்லை.

இந்த ஒன்றை மட்டும் விரிவாக எழுதக் காரணம், அல்ட்ராவுக்குத் தயாராகிறவர்களிடம் நான் பார்க்கும் தப்பு பெரும்பாலும் இதுவேதான். 42 கி.மீ. ஓடியதால் யாரும் கெடுவதில்லை, அதைப் போட்டியாக ஓடியதால்தான் கெடுகிறார்கள். ஒரே தூரம்தான். 5:40-க்கும் 6:45-க்கும் நடுவில் இருக்கும் ஒரு நிமிடம், மறுவாரம் பயிற்சி இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

இதன் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஓடும்போது உடல் எடையில் கிலோவுக்கு, கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும். எழுபது கிலோ எடை இருந்தால் ஒரு மாரத்தானுக்கு ஏறத்தாழ 3,000 கலோரி, நூறு கிலோமீட்டருக்கு 7,000. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருப்பது சுமார் 2,000 கலோரிதான். வேகம் கூடக்கூட அந்தச் சேமிப்பு சீக்கிரம் கரையும். வேகத்தைக் குறைத்தால் கொழுப்பிலிருந்து எடுக்கும் பங்கு கூடும், சேமிப்பு நீடிக்கும். மாரத்தானில் 32-ஆவது கிலோமீட்டரில் சேமிப்பு தீர்ந்தால் இன்னும் 10 கி.மீ. பல்லைக் கடித்துக்கொள்ளலாம். நூறில் 32-இல் தீர்ந்தால் எந்தப் பல்லைக் கடிப்பது?

இரண்டாவது மாரத்தானில், தொடக்கக் கோட்டில் கடைசி வரிசையில் போய் நின்றேன். ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, முதல் நிமிடத்திலிருந்தே. இதில் கஷ்டம் காலுக்கு இல்லை, முகத்துக்குத்தான். இரண்டாவது கிலோமீட்டரில் ஒருவன் நடந்தால் பார்க்கிறவர்கள் பரிதாபப்படுகிறார்கள். "விடாதீங்க, வாங்க!" என்று ஒரு சிறுமி கத்தினாள். அவளிடம் நின்று திட்டத்தை விளக்கவா முடியும்? கூட ஓடிய அறுபது வயதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, இன்னைக்கு ஓடுறது நீயா, ஓரத்துல நிக்கிறவங்களா?" அதற்கப்புறம் வெட்கம் போய்விட்டது. 4 மணி 48 நிமிடம். மறுநாள் காலை 18 கி.மீ. மெதுவோட்டம். கால் கனமாக இருந்ததே தவிர வலி இல்லை. மாரத்தானும் மறுநாள் ஓட்டமும் சேர்ந்து 60 கி.மீ. அந்த வாரக் கடைசிதான் எனக்கு முதன்முதலாக, அல்ட்ரா என்பது வேறு விளையாட்டு என்று புரிய வைத்தது.

ஆனால் அன்று தெரியாமல் வேறொரு தப்பு செய்திருக்கிறேன். தண்ணீர் மேசை வந்த இடத்தில் எல்லாம் இரண்டு கோப்பை குடித்தேன். வீட்டுக்கு வந்து எடை பார்த்தால், கிளம்பும்போது இருந்ததைவிட அரைக் கிலோ கூட. தலைவலி, விரலில் மோதிரம் இறுகல். மெதுவாக ஓடுகிறவனுக்கு வியர்வை குறைவு, ஆனால் சாலையில் இருக்கும் நேரம் அதிகம், மேசைகளும் அத்தனையே. ஆக மொத்தம் குடிப்பது மிகுந்துவிடுகிறது. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதத்தினருக்கு சோடியம், அதாவது உப்புச்சத்து, இயல்புக்குக் கீழே இருந்தது. தண்ணீர் மிகுந்தால் அது நீர்த்துப்போகும். எடை கூடியவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதில் அதிகம் மாட்டியவர்கள். நான் இரண்டு பட்டியலிலும் இருந்தேன். அன்றிலிருந்து தாகம் எடுத்தால்தான் குடிக்கிறேன், நீண்ட ஓட்டங்களுக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் பதறுவதில்லை, கூடினால்தான் பதறுகிறேன்.

மூன்றாவது, நூறுக்கு ஆறு வாரம் முன்பு. சனிக்கிழமை தனியாக 25 கி.மீ. ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாரத்தான். ஐந்திலும் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். முதல் கிலோமீட்டரிலேயே கால் களைத்திருந்தது. மற்றவர்கள் 30-இல் சந்திப்பதை நான் 3-இல் சந்தித்தேன். நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும், கால் புதிதாக இருக்கும் நேரம் கொஞ்சம்தான். களைத்த காலோடு ஓடியும் வேகம் பெரிதாகக் குறையவில்லை என்பதை நேரில் பார்த்துவிட்டால், பின்னாளில் 60-ஆவது கிலோமீட்டரில் வரும் பயம் பாதியாகிவிடும்.

சாப்பாட்டு ஒத்திகையும் அன்றுதான். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது இலக்கு, எனவே அரை மணிக்கு ஒரு ஜெல், அதாவது சிறு பையில் வரும் இனிப்புக் கூழ். நான்காவது ஜெல்லைத் தண்ணீர் இல்லாத இடத்தில் பிழிந்து விழுங்கினேன். வயிறு கல்லாகிவிட்டது. அடுத்த ஒரு மணி நேரம் எதுவும் இறங்கவில்லை. 38-இல் ஒரு தன்னார்வலர் உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு நீட்டினார். அவர் தனக்காகக் கொண்டுவந்தது என்று நினைக்கிறேன். அதற்கு ஈடான சாப்பாட்டை நான் இன்னும் சாப்பிடவில்லை. அந்த நூறு கிலோமீட்டரில் முதல் 40-க்கு ஜெல், பிறகு உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் என்று மாற்றிக்கொண்டேன். வயிறு கடைசிவரை பேசாமல் இருந்தது. வேகமாக ஓடினால் செரிமானத்துக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும் என்பதால், நிதான ஓட்டத்தில்தான் இந்த மாதிரிச் சோதனையே சாத்தியம்.

நான்காவது, அடுத்த பருவத்தில். சும்மா 42 போதாது என்று தோன்றி, தொடங்குவதற்கு முன் 10 கி.மீ. ஓடிவிட்டு வந்து நின்றேன். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொடங்க 35 நிமிடம் தாமதம். வியர்த்த சட்டையில் நடுங்கிக்கொண்டு, கழிப்பறை வரிசையில் நின்றே சூடெல்லாம் ஆறிவிட்டது. கூடுதல் தூரத்தை முடிவில் ஓடலாமே என்று கேட்பீர்கள். கழுத்தில் பதக்கம் விழுந்த பிறகு ஓடுகிற மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை. இந்த முறையை இனி செய்ய மாட்டேன்.

ஐந்தாவது நேரத்துக்காக. நூறு முடித்து ஐந்து மாதம் கழித்து. இரண்டு ஆண்டு அல்ட்ரா பயிற்சி என் மாரத்தான் நேரத்தை என்ன செய்திருக்கிறது என்று பார்க்க ஆசை. அல்ட்ராவுக்கு வருவதற்கு முந்தைய என் சிறந்த நேரம் 3 மணி 52 நிமிடம், இப்போது 3 மணி 55. விசித்திரம் என்னவென்றால் கடைசி 10 கி.மீ.யில் களைப்பே இல்லை, பலரைத் தாண்டினேன். ஆனால் வேகத்தைக் கூட்டப் பார்த்தால் கூட்ட முடியவில்லை. வண்டியில் டேங்க் நிறைய எண்ணெய் இருக்கிறது, ஐந்தாவது கியர் மட்டும் விழவில்லை. மெதுவோட்டம் மட்டுமே ஓடினால் இப்படித்தான். வாரம் ஒரு வேக ஓட்டத்தை விட்டிருக்கக் கூடாது. வேகம், தூரம் இரண்டும் ஒருசேர வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்க ஓட்டக்காரர் ஆன் ட்ரேசன் நினைவுக்கு வரலாம். 1996-லும் 1997-லும் பெண்கள் பிரிவில் காம்ரேட்ஸை வென்று, அடுத்த 12 நாளில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டத்திலும் வென்றவர். அவரைப் பார்த்து வியக்கலாம், அட்டவணை போடக் கூடாது.

சில்லறை விஷயங்கள். கார்பன் தகடு வைத்த ஷூவை மூன்றாவது ஓட்டத்தில் போட்டுப் பார்த்தேன். 6:50 வேகத்தில் அதனால் ஒரு பயனும் தெரியவில்லை, கெண்டைக்கால்தான் முறைத்தது. நூறுக்கு எதைப் போடப் போகிறோமோ அதையே போடுவது மேல். முதுகுப்பை, காலுறை, உரசும் இடங்களில் வாசலின் எல்லாவற்றுக்கும் அதே விதி. வலி மாத்திரை விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். ஐபுப்ரோஃபென் போன்றவற்றை நீர் வற்றிய உடம்போடு பல மணி நேரம் ஓடும்போது போட்டால் சிறுநீரகத்துக்குச் சுமை. மாத்திரை இல்லாமல் முடிக்க முடியாத பயிற்சி ஓட்டத்தை நிறுத்திவிடுவதுதான் சரி.

யாருக்கு ஒத்துவரும்? இதுவரை ஒரு மாரத்தானும் ஓடாதவர், முதல் மாரத்தானைப் பயிற்சியாக ஓடுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். முதலாவது எப்படியும் போட்டியாகிவிடும், அதைத் தனியாகவே கொண்டாடிவிடுங்கள். தன் நேரத்தைப் பிறர் கேட்டால் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாதவருக்கும் சிரமம். மற்றபடி இலக்கு ஓட்டத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு என்றால் எனக்குச் சரியாக வந்திருக்கிறது. மூன்று வாரத்துக்குள் வந்தால் பெயர் கொடுத்திருந்தாலும் பாதியோடு விலகிவிடுவேன். ஒருமுறை 21-இல் விலகியும் இருக்கிறேன், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த நூறுக்கு ஐந்து வாரம் முன்பாக ஒன்று வருகிறது. 7 நிமிட வேகம், முந்தைய நாள் 20 கி.மீ., பையில் உருளைக்கிழங்கு. கைக்கடிகாரத்தில் முடிக்கும் நேரத்தைக் கணித்துச் சொல்லும் திரையை இப்போதே எடுத்துவிட்டேன்.