1,500 ரூபாய்க்குச் சபை வளர்ச்சி

எங்கள் சேகரத்துக்கு, அதாவது ஒரே குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளுக்கு, நான் பொருளாளர். ‘சபை வளர்ச்சிப் பயிற்சி முகாம், ஒரு நாள், கட்டணம் ரூ.1,500’ என்ற நோட்டீஸில் முதலில் என் கண்ணில் பட்டது கட்டணம்தான். குருவானவர் இரண்டு பேரை அனுப்பச் சொன்னார். நானும் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் அக்காவும் போனோம். செலவானது காணிக்கைப் பணம் என்பதால் கணக்கு ஒப்புவிக்கிறேன். நடத்தியவர்களின் பெயர் வேண்டாம்.

திருநெல்வேலியில் ஒரு லாட்ஜ் மண்டபம். ஏசியில் பல் கிட்டியது. ஆளுக்கு ஒரு துணிப்பை, பேனா, வழவழப்பான கையேடு தந்தார்கள். கையேட்டில் படம் அதிகம், எழுத்துப் பிழை அதைவிட அதிகம்.

காலை முழுவதும் மேடை விளக்கு, ஒலிபெருக்கி, நேரலை, கார் நிறுத்துமிடம். இருக்கைகளில் 80 சதவீதம் நிரம்பிவிட்டால் அதற்குமேல் சபை வளராது, உடனே இரண்டாம் ஆராதனை தொடங்குங்கள் என்றார் பேச்சாளர். எங்கள் ஆலயத்தில் பாதி பெஞ்சு காலி. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கும் அசனம் என்ற சபை விருந்துக்கும்தான் ஆலயம் நிறைகிறது. ஊரைவிட்டு ஆள் போய்க்கொண்டிருக்கும் சபை என்ன செய்வது என்று அக்கா எழுந்து கேட்டார். “நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த படத்தில், சபை வளர்ச்சியைப் பற்றி எழுதிப் பேர்பெற்ற டொனால்டு மெக்கவரன். ஒரே வகை மக்கள் ஒன்றாக இருந்தால் சபை வேகமாக வளரும் என்ற அவருடைய கோட்பாட்டை அமெரிக்கக் கண்டுபிடிப்பு போல விளக்கினார்கள். அந்த மனிதர் 1897-இல் பிறந்தது மத்திய இந்தியாவின் தாமோவில். பல ஆண்டுகள் மிஷனெரியாக உழைத்ததும் இந்தியாவில்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த வயதான உபதேசியார் என் காதருகே குனிந்து, “இதற்கு ஆராய்ச்சி எதற்கு அண்ணாச்சி? நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு சுற்று நடந்தால் தெரிந்துவிடுமே, யார் யாரோடு இருக்கிறார்கள் என்று” என்றார். அன்றைய தினத்தின் சிறந்த சொற்பொழிவு அதுதான்.

மதியம் பிரியாணி, குறை சொல்ல முடியாது. ஆனாலும் அசனக் குழம்பின் பக்கத்தில் நிற்காது என்பது அக்காவின் தீர்ப்பு.

சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் கண்ணயர்ந்த நேரத்தில், ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் வந்தார். தலைப்பு வீடு சந்திப்பு. காலைக்காரர்கள் நேரத்தைத் தின்றுவிட்டதால் அவருக்கு 40 நிமிடமே மிஞ்சியது. படம் ஏதும் இல்லை, கையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று மட்டும். மூன்று ஞாயிறு தொடர்ந்து வராதவர் பெயரை அதில் எழுதுவாராம். நான்காவது வாரம் அந்த வீட்டுக்குப் போவாராம். “ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். மீதியை அவர்களே சொல்லுவார்கள்.”

நம்மிடம் இருந்ததையே அவர் எடுத்துக் காட்டினார். உலை வைக்கும்போதெல்லாம் பாட்டிமார் காணிக்கைக்கென்று எடுத்து வைத்த கைப்பிடி அரிசி. திருநெல்வேலித் திருச்சபையார் 1903-இல் சொந்தப் பணத்தில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம். அதை முன்னின்று தொடங்கிய வெள்ளாளன்விளை அசரியா, பிறகு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் பேராயராக இருந்தபோது, ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, “சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ” என்று சொல்ல வைத்தது. படிக்கத் தெரியாத கூலிக்காரரும் அப்படிச் சொன்னார்கள். அவர்களிடம் மேடை விளக்கு இருந்ததா என்று அந்த அம்மா கேட்கவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் அக்கா நான்கு நோட்டு வாங்கினார். அந்தச் செலவு 100 ரூபாய் என் கணக்கில் இருக்கிறது. முதல் நோட்டின் முதல் பெயர், தெற்குத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர். ஏழு மாதமாக ஆலயத்தில் அவரைக் காணவில்லை. நானும் கூடப் போய்த் தண்ணீர் கேட்டேன். செம்பை நீட்டிவிட்டு, “சங்கக் காணிக்கை பாக்கி 240 ரூபாய் என்று ஆலயக் கதவில் என் பெயரை ஒட்டிவிட்டீர்களே” என்றார். ஒட்டியவன் நான்தான். கையெழுத்தும் என்னுடையது. அன்று மாலையே கிழித்துவிட்டேன். அவர் இன்னும் வரவில்லை. அக்கா இரண்டு முறை போய்வந்திருக்கிறார்.

இந்த முகாமுக்குப் போக நினைப்பவர்கள் பிரியாணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அரை நாளுக்குப் பாதிக் கட்டணம் உண்டா என்று போனில் கேட்டுவிட்டேன். கிடையாதாம்.