சென்சுரா மியோ கிளிக்: சிறுநீர் ஸ்டோமாவுக்கான இரண்டு பாகப் பை

புற்றுநோய்க் கட்டிக்காகச் சிறுநீர்ப்பையை எடுத்தவர்களுக்குச் சிறுகுடலில் 15 முதல் 20 செ.மீ. துண்டைப் பிரித்து, அதன் வழியாக வயிற்றில் ஸ்டோமா, அதாவது சிறுநீர் வெளியேறும் வாய், வைப்பார்கள். அங்கே சிறுநீர் இரவு பகலாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே எந்தப் பையானாலும் இரண்டு கேள்விதான்: ஒட்டு தாங்குமா? பைக்குள் போன சிறுநீர் திரும்ப ஸ்டோமாவைத் தொடுமா?

டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் தயாரிக்கும் இந்தப் பை இரண்டாவது கேள்வியில் நன்றாகவே தேறுகிறது. உள்ளே தடுப்பு வால்வு இருக்கிறது. பல அறைகளாகப் பிரித்திருப்பதால் சிறுநீர் ஒரே இடத்தில் தேங்கித் தொங்குவதில்லை. சாம்பல் நிறத் துணி உறை உடம்போடு ஒட்டிக்கொள்ளாது. நம் ஊர் வியர்வைக்கு அது பெரிய நிம்மதி.

ஒட்டு தாங்குவது பாதி நம் கையில். அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். பழைய அளவிலேயே பிளேட்டை (தோலில் ஒட்டும் பாகம், இதன் வளையத்தில்தான் பை பூட்டும்) வெட்டினால் இடைவெளியில் சிறுநீர் ஊறித் தோல் வெந்துபோகும். ஒவ்வொரு முறையும் அளந்து, ஸ்டோமாவைவிட 2, 3 மி.மீ. மட்டும் கூடுதலாக வெட்டுங்கள். காலையில் தண்ணீர், காபி குடிக்கும் முன் மாற்றினால் சொட்டு குறைவாக இருக்கும். காஸ் துணியைச் சுருட்டி ஸ்டோமா வாயில் வைத்துக்கொண்டு, வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். டெட்டால், ஸ்பிரிட், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். ஒட்டியதும் ஒரு நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் சூட்டில் பசை நன்றாகப் பிடிக்கும். பையைக் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலாக வளையத்தில் பொருத்திப் பூட்டை அழுத்துங்கள். கிளிக் சத்தம் கேட்காவிட்டால் பூட்டவில்லை என்று அர்த்தம். அப்படியே விட்டால், நிரம்பிய பை கனத்தில் கழன்றுவிடும்.

மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை பிளேட் மாற்றுவது சரியான கணக்கு. கோடையில் வியர்வையில் பசை இளகும், ஒரு நாள் முன்னதாகவே மாற்றலாம். பையை மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி நிறைந்ததும் காலி செய்யுங்கள்.

குறை என்றால் அந்த வளையம்தான். தொப்புளை ஒட்டி மடிப்பு விழும் வயிற்றில், உட்காரும்போது கடினமான வளையம் மடங்காமல் பிளேட்டின் ஓரத்தைத் தூக்கும். கசிவு அங்கேதான் தொடங்கும். அவர்களுக்கு ஒட்டும் இணைப்புள்ள ஃபிளெக்ஸ் வகை அல்லது ஒரே பாகமான பைதான் ஏற்றது.

இடுப்பில் கதிர்வீச்சு வாங்கியவர்கள் கூடுதல் கவனம் வைக்கவேண்டும். கதிர்வீச்சு பட்ட தோல் மெலிந்து வறண்டிருக்கும். பிளேட்டைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உரிந்துவரும். பசை நீக்கியைத் தடவி, ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டே மெதுவாகப் பிரிக்கவேண்டும். உள்ளே குழிந்த ஸ்டோமாவுக்குக் குவிந்த பிளேட் உதவும், ஆனால் இந்தத் தோலில் அதன் அழுத்தமே புண்ணாக்கும். ஸ்டோமா நர்ஸிடம் காட்டாமல் வாங்காதீர்கள். கதிர்வீச்சு பட்ட சிறுகுடலைத் தவிர்த்துக் குறுக்குப் பெருங்குடலில் சிறுநீருக்கு வழி வைத்திருந்தால் ஸ்டோமா பெரிதாக இருக்கும். வளைய அளவைப் பார்த்து வாங்குங்கள். பிளேட், பை இரண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும்.

பையில் வெள்ளைச் சளி வருவது குடலின் இயல்பு, பயப்பட வேண்டாம். ஸ்டோமாவைச் சுற்றி மணல்போல் வெள்ளைப் படிவு வந்தால் சிறுநீரில் அமிலம் குறைந்து காரத்தன்மை கூடிவிட்டது என்று அர்த்தம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்தால் கரையும். முதுகுவலியோடு சில மணி நேரம் சிறுநீரே வராவிட்டாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, ஸ்டோமா கறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க் குழாய் குடல் துண்டோடு சேரும் இடம் சுருங்கினால் சிறுநீரகம்தான் பாதிக்கப்படும்.

இரவில் 2 லிட்டர் பையோடு இணைப்பதற்கு முன், வயிற்றுப் பையில் கொஞ்சம் சிறுநீரை விட்டுவையுங்கள். முழுக்கக் காலியாக இருந்தால் பை உறிஞ்சி ஒட்டிக்கொண்டு வழி அடைத்துவிடும், விடிவதற்குள் பிளேட் கழன்று படுக்கை நனையும்.