ஸ்மூத்திக்கு மிக்ஸி போதாதா?

என் தங்கை பெங்களூருக்கு வீடு மாற்றிப் போனபோது, சாமான் ஏற்றிய வண்டியில் இடமில்லாமல் ஒரு புல்லட் பிளெண்டரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். 400 வாட். கைக்கு அடக்கமாக, அடித்துவிட்டு அப்படியே மூடி எடுத்துப் போகிற மாதிரி ஒரு கப். “இதில் அடித்தால்தான் ஸ்மூத்தி. உன் மிக்ஸியில் வருவது வெறும் பழக்கூழ்” என்று ஒரு தீர்ப்பையும் சேர்த்தே விட்டுப் போனாள். எங்கள் மிக்ஸி 750 வாட், மூன்று ஜார். ஏப்ரல் மாதம் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன்.

முதல் வாரம் வித்தியாசமே தெரியவில்லை. பழுத்த பச்சை வாழைப்பழம் ஒன்று, பங்கனப்பள்ளி மாம்பழத்தில் ஒரு கன்னம், ஒரு சின்ன டம்ளர் தயிர். இவ்வளவு மெத்தென்ற பழங்களை அடிக்க எந்த மோட்டாரும் சிரமப்படப் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் எது எதில் அடித்தது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆனால் மிக்ஸியில் ஒரு நாள் சொதப்பியது. பெரிய ஜாரில் ஒரே ஒருவருக்கு அடித்தேன். பாதிப் பழம் ஜாரின் சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டது, பிளேடு வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. மிக்ஸியில் ஸ்மூத்தி சரியாக வரவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் செய்கிற தவறு இதுதான். ஒரு டம்ளர் வேண்டுமானால் சட்னி ஜார். இரண்டு, மூன்று பேருக்கு என்றால்தான் பெரிய ஜார். புல்லட்டுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. கப் குறுகல், அதுவும் தலைகீழாக நிற்பதால் பழம் தானாகவே பிளேடின் மேல் வந்து விழும்.

இன்னொரு விஷயத்திலும் புல்லட்டுக்கு மதிப்பெண் போடத்தான் வேண்டும். எங்கள் சட்னி ஜார் மூடியின் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. அதைக் கழற்றி மூக்கருகே கொண்டு போனால் பத்து வருடப் பூண்டு வாசம். காலையில் வெங்காயச் சட்னி அரைத்த ஜாரில் பதினோரு மணிக்கு மாம்பழ ஸ்மூத்தி அடித்தால் அது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. சோப்பு போட்டு ஜாரைக் கழுவினால் போதாது. வாஷரைத் தனியே கழற்றித் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் பழத்துக்கென்றே ஒரு சின்ன ஜார் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்தேன். புது பிளெண்டர் விலையோடு பார்த்தால் தனி ஜார் விலை ஒன்றுமே இல்லை.

அடுத்த போட்டி ஐஸா, உறைந்த பழமா என்பது. உண்மையில் ஸ்மூத்தியின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது, இயந்திரத்தில் இல்லை.

ஜூஸ் கடைப் பழக்கத்தில் நாம் எல்லோரும் முதலில் கையை நீட்டுவது ஐஸுக்குத்தான். நானும் தட்டிலிருந்து நேராக நாலு கட்டி ஐஸை மிக்ஸியில் போட்டேன். டக், டக், அப்புறம் ஒரு நீளமான கிர்ர்ர். மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை. கீழே பார்த்தால், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரின் பற்கள் போயிருந்தன. பழுது பார்ப்பவர், “ஐஸ் போட்டீங்களா?” என்று நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டார். புல்லட் அன்றைக்குத் தப்பித்தது என்றாலும் அதுவும் ஐஸைப் பாதிதான் உடைத்தது. குடிக்கும்போது பல்லில் மாட்டியது. இரண்டிலும் பத்து நிமிடம் வைத்திருந்தால் ஐஸ் உருகி, மேலே நுரையும் கீழே தண்ணீருமாகப் பிரிந்துவிடுகிறது.

உறைந்த வாழைப்பழம் வேறு ஜாதி. தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தை உரித்து, விரல் தடிமனுக்கு வில்லைகளாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். இறுகிய பிறகு டப்பாவில் கொட்டி மூடிவிடலாம். பரப்பாமல் மொத்தமாகப் போட்டால் மறுநாள் கிடைப்பது செங்கல். இந்த வில்லைகளை அடிக்கும்போது தண்ணீர் பிரிவதில்லை. ஐஸ்கிரீம் மாதிரி வழவழவென்று வருகிறது. சர்க்கரையும் தேவைப்படாது, ஏனென்றால் புள்ளி விழுந்த பழத்தில் மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையாகிவிட்டிருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை, ஜாரில் போடும் வரிசை. மிக்ஸியில் முதலில் தயிரோ பாலோ, மேலே மெத்தென்ற பழம், கடைசியில் உறைந்தது. புல்லட்டைக் கவிழ்த்து வைக்கப் போவதால் எல்லாம் தலைகீழ்: முதலில் உறைந்தது, கடைசியில் தயிர். இரண்டிலுமே திரவம்தான் பிளேடுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வில்லைகளை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டுவிட்டு அடித்தால் இன்னும் நல்லது. மிக்ஸியில் குமிழை இடப்பக்கம் விட்டு விட்டு நாலு தடவை திருப்பி, பிறகுதான் ஓட விட வேண்டும்.

இந்தச் சுற்றில் மிக்ஸி ஜெயித்தது. உறைந்த மாம்பழம் நிறையப் போட்ட ஒரு நாள் புல்லட் முனகியது, அடிப்பாகம் சுட்டது, லேசாக ஒரு வாடை வந்தது. மிக்ஸிக்கும் அப்படி மூச்சு முட்டுவதுண்டு, ஆனால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் தானாக வெளியே வந்து மோட்டாரை நிறுத்திவிடும். சூடு ஆறியதும் அமுக்கிவிட்டால் மறுபடி ஓடும்.

கைப் பிளெண்டரைப் பற்றியும் கேட்பார்கள். லஸ்ஸிக்கு நல்லது. உறைந்த பழத்துக்கு வேண்டாம்.

சரி, பாலா தயிரா? என் ஓட்டு தயிருக்கு. நீல பாக்கெட் ஆவின் பாலில் கொழுப்பு 3 சதவீதம்தான். அதில் அடித்தால் ருசி இருக்கும், கெட்டித்தன்மை இருக்காது. காய்ச்சி ஆறிய பாலென்றால் ஆடை துணுக்கு துணுக்காக மிதக்கும், வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். புளிக்காத கெட்டித் தயிர் வாழைப்பழத்தோடு சேர்ந்தால் கரண்டி நிற்கும். சப்போட்டாவுக்கு மட்டும் பால்தான்; தயிரோடு அந்தப் பழம் ஏனோ ஒத்துப்போவதில்லை. கொட்டையை எண்ணி எடுத்துவிடுங்கள், ஒன்று சிக்கினாலும் மொத்தமும் கசக்கும். தேங்காய்ப் பால் அன்னாசிக்கு அருமை.

அன்னாசி, பப்பாளி இரண்டிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. பப்பாளியில் இருப்பது பப்பைன், அன்னாசியில் புரோமலைன். பாலில் அடித்து வைத்துவிட்டு அரை மணி கழித்துக் குடித்தால் கசப்பு தட்டுவது இதனால்தான். “பால் கெட்டுப்போச்சு” என்று பால்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அடித்தவுடன் குடித்துவிடலாம், அல்லது அன்னாசியை ஒரு கொதி வேகவைத்து ஆறவிட்டு அடிக்கலாம்; சூட்டில் நொதி செயலிழந்துவிடும். உறைய வைத்தால் அது சாகாது.

வாழையிலும் தேர்வு இருக்கிறது. பூவன் லேசான புளிப்போடு நன்றாக இருக்கும். இனிப்பு அதிகமான மாம்பழத்தோடு அதுதான் சரி. ரஸ்தாளி சில சமயம் நடுவில் கல் மாதிரி இறுகிக் கிடக்கும், அடித்தாலும் கரையாது. நேந்திரனில் மாவு ருசி. விருப்பாச்சி மலைப்பழத்தை மிக்ஸியில் போட எனக்கு மனசு வராது. கையில் உரித்துத் தின்னலாம், மிச்சத்தைப் பழனி பஞ்சாமிர்தத்துக்கு விட்டுவிடலாம். தினசரிக்குப் பச்சை வாழையே போதும்.

இவ்வளவு வாழை புராணம் பாடிவிட்டு ஒரு எதிர்க்கட்சி சாட்சியையும் சொல்லாமல் இருக்கக் கூடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு 2023-ல் வெளியானது. வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்களின் உடலில் ஃபிளவனால் என்ற சத்து, அதையே மாத்திரையாக எடுத்தவர்களைவிட 84 சதவீதம் குறைவாக இருந்ததாம். நறுக்கிய வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் அதே நொதிதான் காரணம். அதனால் திராட்சை, ஸ்ட்ராபெர்ரியில் இருக்கும் அந்தச் சத்துக்காகவே ஸ்மூத்தி அடிப்பவர்கள் வாழையை விட்டுவிட்டு உறைந்த மாம்பழத்தைப் போடலாம். ருசிக்காகக் குடிக்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கவலையில்லை.

கடைசிக் கணக்கு இது. வீட்டில் 500 வாட்டுக்கு மேல் ஒரு மிக்ஸி ஓடுகிறது, ஃப்ரீசரில் ஒரு டப்பாவுக்கு இடம் இருக்கிறது என்றால் புல்லட் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் தனி ஜாரும் பழமும் வாங்கலாம். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர், மிக்ஸி வைக்க மேடையே இல்லாதவர் என்றால் கதை வேறு. அவருக்குப் புல்லட்தான், ஐஸ் மட்டும் வேண்டாம். தங்கையின் பிளெண்டர் இப்போது கோயம்புத்தூரில், என் அண்ணன் மகன் வாடகைக்கு எடுத்திருக்கும் அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் அதில் தினமும் முட்டை அடிக்கிறானாம்.