ரோசேசியா சிவப்புக்கு லேசர்: 3 வாரத்துக்கு ஒரு சிட்டிங்கா, 8 வாரம் பொறுப்பதா?

ரோசேசியா என்ற நாள்பட்ட தோல் நோயால் கன்னமும் மூக்கும் எந்நேரமும் சிவந்தே இருப்பவர்கள், லேசர் செய்துகொள்வது என்று முடிவெடுத்ததும் தேதிக் கணக்கில்தான் குழம்பிப்போகிறார்கள். ஒரு கிளினிக்கில் 3 வாரத்துக்கு ஒரு சிட்டிங் என்கிறார்கள். இன்னொன்றில் 6 வாரம். வேறொரு டாக்டர், "2 மாதம் கழித்து வாங்க, முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாத் தோலுக்கும் ஒரே நியாயம் பொருந்தாது. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது போன்ற மாநிற, கருநிறத் தோலுக்கு நீண்ட இடைவெளிதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து.

லேசர் தோலுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். இதன் அடிப்படையை 1983ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் விளக்கினார்கள். சரியான அலைநீளத்தில், சரியான நேர அளவில் ஒளியைப் பாய்ச்சினால், சுற்றியுள்ள திசுவைப் பெரிதாகப் பாதிக்காமல் குறிவைத்த பொருளை மட்டும் சூடாக்கலாம். ரோசேசியாவில் குறி, ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின். அது ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, விரிந்து கிடக்கும் நுண் ரத்தக் குழாயின் சுவர் வெந்து அடைபடுகிறது. அடைபட்ட குழாயை உடல் மெதுவாக அரித்து அப்புறப்படுத்தும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே பத்தாவது நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு "ஒன்றும் குறையவில்லையே" என்று வருந்துவது அவசரம். லேசர் கிளப்பிய வீக்கச் சிவப்பும் நோயின் சிவப்பும் அப்போது கலந்தே இருக்கும்.

முதலில் 3 முதல் 4 வார இடைவெளி. ஐபிஎல் எனப்படும் விட்டுவிட்டுப் பாயும் பல அலைநீள ஒளிக்கும், ரத்தம் கட்டாத அளவுக்குக் குறைந்த ஆற்றலில் செய்யும் பல்ஸ்டு டை லேசருக்கும் பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். ஒவ்வொரு முறையும் சிறிய அளவே பாய்ச்சுவதால் இரண்டொரு நாளில் முகம் தணிந்துவிடும், வேலைக்கும் லீவு போட வேண்டியதில்லை. வெயில் பட்டால் உடனே சிவந்து, எளிதில் கருக்காத வெள்ளைத் தோலில் இந்தக் கணக்கு நன்றாகவே ஓடுகிறது. ரோசேசியா அதிகம் பதிவாகும் வட ஐரோப்பிய வம்சாவளியினரின் தோல் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். லண்டனிலும் டொரண்டோவிலும் கிளினிக்குகள் தரும் அட்டவணை அவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டிருந்தால், அங்கே வாழும் தமிழர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

ஏனென்றால் நம் தோலில் ஒளியை உறிஞ்ச இன்னொருவரும் காத்திருக்கிறார்: தோலுக்கு நிறம் தரும் மெலனின். குழாய்க்குப் போக வேண்டிய ஒளியில் ஒரு பங்கை மேல்தோலில் உள்ள மெலனின் எடுத்துக்கொள்ளும். அங்கே சூடு கூடினால் பின்னர் கருமை தட்டும். இந்தக் கருமை உடனே தெரியாது. பெரும்பாலும் இரண்டு வாரம் தாண்டித்தான் தலைகாட்டும், சிலருக்கு ஒரு மாதமும் ஆகும். 3 வாரத்தில் அடுத்த சிட்டிங்குக்குப் படுத்தால், போன சிட்டிங் விட்டுப்போன கருமை முழுதாக வெளிவருவதற்கு முன்பே அதன்மேல் மறுபடி சூடு வைக்கிறோம். கூடுதல் நிறமி கூடுதல் ஒளியைப் பிடிக்கும். சிவப்பு போய்ப் பழுப்புத் திட்டு வந்துவிட்டால், அது மங்கப் பல மாதங்கள் ஆகலாம்.

6 முதல் 8 வார இடைவெளியில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. கருமை வருவதாக இருந்தால் அதற்குள் வந்துவிடும், டாக்டர் அதைப் பார்த்து ஆற்றலைக் குறைக்கலாம் அல்லது நிறுத்தலாம். அடைபட்ட குழாய்களும் அகன்றிருக்கும், எவ்வளவு மிச்சம் என்று தெளிவாகத் தெரியும். இழப்பு என்ன? மொத்தச் சிகிச்சை சில மாதங்கள் நீளும், அவ்வளவுதான். நன்றாக அடைபட்ட குழாய் நாம் 4 வாரம் கூடுதலாகக் காத்திருந்ததால் மறுபடி திறந்துகொள்ளாது. புதிய குழாய்கள் விரிவதும் சாதாரணமாக வாரக்கணக்கில் நடப்பதில்லை. அவசரத்தின் விலை முகத்தில் கறை, பொறுமையின் விலை காலண்டரில் கொஞ்சம் தாமதம். இரண்டும் சமமான தட்டுகள் இல்லை.

இதே காரணத்துக்காகத்தான் முதலில் காதோரத்திலோ தாடையோரத்திலோ சிறு இடத்தில் சோதனை செய்யச் சொல்கிறார்கள். அந்தச் சோதனையை ஒரு வாரத்தில் பார்த்து "பிரச்சினை இல்லை" என்று முடிவுகட்டினால் அது சோதனையே ஆகாது. குறைந்தது 4 வாரமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும்.

கருவிக்கு ஏற்பவும் கணக்கு மாறும். 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள பல்ஸ்டு டை லேசரை ரத்தம் கட்டும் அளவுக்குப் பலமாக வைத்தால் பலன் வேகமாகக் கிடைக்கும், சிட்டிங் எண்ணிக்கை குறையலாம். ஆனால் முகம் ஊதா நிறத்தில் ஒன்று முதல் இரண்டு வாரம் இருக்கும். அது முழுக்கக் கரையும் வரை அடுத்ததைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. 532 நானோமீட்டர் கேடிபி லேசர் மூக்கோரம் இழை இழையாகத் தெரியும் குழாய்களுக்கு நல்ல கருவி. ஆனால் மெலனினும் அந்த ஒளியை மிகுதியாக உறிஞ்சும், அதனால் கருநிறத் தோலுக்கு உகந்தது அல்ல. ஐபிஎல்லிலும் அதே கவலை. 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் மெலனினை அதிகம் சீண்டாமல் ஆழத்துக்குப் போகும், அதனால் நம் தோலுக்குப் பாதுகாப்பான அலைநீளம் என்ற பெயர் அதற்கு உண்டு. ஆனால் ஹீமோகுளோபினும் அதைக் குறைவாகவே உறிஞ்சுவதால் ஆற்றலைக் கூட்ட வேண்டியிருக்கும். ஒரே இடத்தில் அடுக்கடுக்காகப் பாய்ச்சினால் தழும்பே விழலாம். இதைக் கையாளக் கைத்தேர்ந்தவர் வேண்டும். "நம்மிடம் இருப்பது சேஃப் லேசர், அடிக்கடி செய்யலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அட்டவணையே இல்லாமல், தேவைப்படும்போது மட்டும் செய்வது இன்னொரு வழி. ஆரம்பச் சுற்று முடிந்தவர்களுக்கு இதுதான் நடைமுறை. ரோசேசியாவை லேசர் வேரோடு அகற்றுவதில்லை. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், பலர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை செய்துகொள்கிறார்கள். சூடான காபி, காரம், வெயில், மன அழுத்தம் என்று திடீரெனச் சூடேறிச் சிவப்பதை லேசர் ஓரளவுதான் குறைக்கும். கட்டிகளுக்கு ஐவர்மெக்டின், மெட்ரோனிடசோல் போன்ற பூச்சு மருந்துகள்தான். கட்டிகள் அடங்காதபோது லேசரை நெருக்கி நெருக்கி வைத்தாலும் சிவப்பு குறையாது.

எந்த இடைவெளியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மெடிக்கலில் சீட்டு இல்லாமலே வாங்கி மாதக்கணக்கில் பூசிய வெளுக்கும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அதுவே ரோசேசியா போன்ற சிவப்பைக் கொண்டுவரும். அதை டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தி, முகம் அடங்கிய பிறகே லேசர் பற்றி யோசிக்கலாம். கன்னச் சிவப்பு, உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயாகவும் இருக்கலாம், குறிப்பாக மூட்டு வலியோ வாய்ப்புண்ணோ சேர்ந்து வந்தால். மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவு பளிச்சென்று தெரியாததால் இரண்டுமே தவறிப்போக வாய்ப்புண்டு.

அப்புறம் வெயில். வெயிலில் கருத்த முகத்தோடு சிட்டிங்குக்குப் போகக் கூடாது. சென்னை, மதுரைக்காரர்கள் கத்திரியில் தொடங்காமல் ஐப்பசி மழையில் முதல் சிட்டிங்கை வைத்தால், 8 வார இடைவெளியில் மாசிக்குள் மூன்றை முடித்துவிடலாம். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கும் இலையுதிர் காலத்தில் தொடங்குவது நல்லது. சன்ஸ்க்ரீன் எல்லா நாளும் வேண்டும்.

கடைசியாகப் பணம். 6 சிட்டிங் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, ஆனால் 5 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற பேக்கேஜ் உங்களை 4 வார இடைவெளிக்குள் தள்ளிவிடும். பணம் கட்டும் முன்பே, தோல் ஆறத் தாமதமானால் காலக்கெடு நீளுமா, கருமை வந்தால் மிச்சத் தொகை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள்.