சிங்கப்பூர் நிரந்தரவாசமா, ஆஸ்திரேலியக் குடியேற்றமா?

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு சிவில் பொறியாளர்களிடம், முப்பது வயதைத் தாண்டியதும் இந்தக் கேள்வி எழுகிறது. பெரும்பாலோர் இரு நாட்டுச் சம்பளத்தையும் ரூபாயில் மாற்றிப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். சம்பளத்தைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வயது. அடுத்தது, மகன் இருக்கிறானா, அவனுக்கு எத்தனை வயது என்பது. அதன் பிறகு ஊரில் இருக்கும் பெற்றோர்.

வயதை ஏன் முதலில் சொல்கிறேன்? திறனாளர்களுக்குப் புள்ளிக் கணக்கில் தரப்படும் ஆஸ்திரேலியாவின் 189 என்ற நிரந்தர விசாவில் 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி. 33 முதல் 39 வரை 25. 40 முதல் 44 வரை 15. விண்ணப்பிக்கும்படி அழைப்பு வருவதற்குள் 45 ஆகிவிட்டால் அந்த வழியே இல்லை. 34 வயதுப் பொறியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 25, இளநிலைப் பட்டத்துக்கு 15, எட்டாண்டு வெளிநாட்டு அனுபவத்துக்கு 15, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 7 வாங்கினால் 10, மனைவியின் ஆங்கிலத் தகுதிக்கு 5, மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தகுதிச் சான்று தரும் நாட்டி அமைப்பின் சமூக மொழித் தேர்வைத் தமிழில் எழுதித் தேறினால் 5. மொத்தம் 75. ஆங்கிலத்தில் எல்லாப் பிரிவிலும் 8 எடுத்தால் அதுவே 85. குறைந்தபட்சத் தகுதி 65தான் என்றாலும் அழைப்பு அதிகப் புள்ளி வைத்திருப்பவர்களுக்கே முதலில் போகிறது. ஆகவே ஆங்கிலத் தேர்வுக்கு இன்னொரு முறை உட்கார்வது வீண் வேலை அல்ல. 189 கிடைக்காவிட்டால் மாநிலப் பரிந்துரையோடு 190 விசா உண்டு, அதற்கு 5 புள்ளி கூடும். 491 என்ற தற்காலிக விசாவுக்கு 15 கூடும். ஆனால் பிராந்தியப் பகுதி என்று அரசு வகுத்த இடத்தில்தான் வசிக்க வேண்டும், மூன்றாண்டு கழித்தே நிரந்தர விசாவுக்கு மனுப் போடலாம். பெர்த்தும் அடிலெய்டும் அந்தப் பட்டியலில் இருப்பதால் பிராந்தியம் என்றதும் வறண்ட காட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

சிங்கப்பூரில் இப்படிக் கணக்குப் போட முடியாது. குடும்ப உறவுகள், பொருளாதாரப் பங்களிப்பு, கல்வித் தகுதி, வயது, எவ்வளவு காலம் அங்கே வசித்தார் என்பவற்றையெல்லாம் பார்ப்பதாகக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் சொல்கிறது; எதற்கு எத்தனை மதிப்பு என்று சொல்வதில்லை. மறுத்தால் காரணமும் வராது. ஒரே அலுவலகத்தில் ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மறுக்கப்படுவது சாதாரணம். மறுக்கப்பட்டவர் தன்னைக் குறைத்து நினைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கசக்கிறது. அந்த முடிவுக்கும் அவருடைய திறமைக்கும் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு முன்கூட்டியே ஒரு தடை இருக்கிறது: பட்ட மதிப்பீடு. பொறியியல் பட்டங்களை நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு பலர் தங்கள் பட்டம் நேரடியாகச் செல்லும் என்று நம்புகிறார்கள். இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே அது பொருந்தும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்குக் கிடைப்பது இரண்டாம் அடுக்கு. அங்கே படித்தவர்கள், பட்டத்தை மதிப்பிடும் எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்புக்குத் திறன் விளக்க அறிக்கை எழுத வேண்டும்: தாம் செய்த வேலையைப் பற்றி மூன்று கட்டுரைகள், அவற்றோடு ஒரு சுருக்க அட்டவணை. இதைக் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தர ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களிடம் போகாதீர்கள். இன்னொருவருடைய பத்தி உங்கள் அறிக்கையில் இருப்பது தெரிந்தால் மனு தள்ளப்படுவதோடு, மறுபடி விண்ணப்பிக்கவும் தடை வரலாம். நீங்கள் போட்ட தூண் அடித்தளத்தை, அதில் வந்த சிக்கலை, அதை எப்படித் தீர்த்தீர்கள் என்பதை உங்களைவிட நன்றாக யார் எழுத முடியும்?

மகன் இருக்கும் குடும்பத்துக்குச் சிங்கப்பூர் நிரந்தரவாசத்தின் மிகப் பெரிய விலை, ராணுவம், காவல் போன்ற படைகளில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய தேசிய சேவை. வேலையின் பேரில் நிரந்தரவாசம் பெறும் தந்தைக்கு விலக்கு உண்டு. அவர் வழியே பெறும் மகனுக்கு இல்லை: பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டில் இரண்டாண்டு முழுநேரச் சேவை. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாகும். இதை ஒரு கொடுமையாக நான் பார்க்கவில்லை. அந்நாட்டு ஆண்பிள்ளைகள் எல்லோரும் செய்வது அது. அங்கேயே வேர்விடப் போகிற குடும்பத்துக்கு நியாயமான கடமை. பிரச்சினை, ஐந்தாறு ஆண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பும் எண்ணத்தோடு விண்ணப்பிக்கிறவர்களுக்குத்தான். ஆறு வயதுப் பிள்ளையின் பதினெட்டாம் வயதைப் பற்றி அவனைக் கேட்காமலே முடிவெடுக்கிறார்கள்.

பணத்தில் ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக மூன்றாம் ஆண்டு முதல் உங்கள் சம்பளத்தில் 20 விழுக்காடும் முதலாளி தரும் 17 விழுக்காடும் மத்திய சேமநிதி என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் போகும். நிரந்தரவாசத்தைத் துறந்து கிளம்பினால் அந்தத் தொகையை எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் முதலாளி செலுத்தும் சூப்பர் என்ற ஓய்வூதிய நிதி 2025 ஜூலை முதல் 12 விழுக்காடு. ஆனால் நிரந்தர விசா பெற்றவர் நாட்டை விட்டுப் போனாலும் பொதுவாக 60 வயதுக்கு முன் அதைத் தொட முடியாது. வீடு வாங்கும் ஆசைக்கும் ஒரு சொல்: சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை வீடு வாங்க மூன்றாண்டு காத்திருக்க வேண்டும்.

பெற்றோர் விஷயத்தில் சிங்கப்பூருக்கு ஈடு இல்லை. திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். அப்பா மருத்துவமனையில் என்று காலையில் செய்தி வந்தால் இரவுக்குள் பக்கத்தில் இருக்கலாம். பிள்ளைகள் பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகவே படிக்கலாம். ஆஸ்திரேலியாவுக்குப் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துப் போவதென்றால், அவர்களுடைய பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே இருக்க வேண்டும், அல்லது வேறெந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும்; பணம் கட்டும் பிரிவில் தலைக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும், காத்திருப்போ பத்தாண்டைத் தாண்டுகிறது. இரண்டு, மூன்று உடன்பிறந்தவர்கள் ஊரிலேயே இருக்க, தான் மட்டும் அங்கே போனவரின் பெற்றோர் வந்து போகும் விசாவில்தான் பேரனைப் பார்ப்பார்கள்.

இத்தனையும் பார்த்தபின் என் முடிவு இது. 33 நிறையாதவர், முக்கியமாக மகன் பிறந்தவர், ஆஸ்திரேலியாவுக்கு இப்போதே மதிப்பீட்டைத் தொடங்கட்டும். நாற்பதை நெருங்கியவர், பெற்றோரைக் கவனிக்க வேறு ஆள் இல்லாதவர், சிங்கப்பூரை மனதார ஊராக ஏற்றுக்கொண்டவர் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கட்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் முயல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வேலை அனுபவக் கடிதங்களை இந்த மாதமே சேர்க்கத் தொடங்குங்கள். பதவி, பணிக்காலம், செய்த வேலைகள், கையொப்பமிட்டவரின் தொடர்பு விவரம் எல்லாம் நிறுவனத்தின் கடிதத் தாளில் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வரி ஆவணங்களையும் அதனுடன் வையுங்கள். கட்டுமானத் துறையில் சிறு ஒப்பந்த நிறுவனங்கள் திட்டம் முடிந்ததும் மூடிவிடுகின்றன. மேலாளர்கள் வேறு நாடு போய்விடுகிறார்கள். கடிதம் தரக்கூடியவர் இன்னும் அந்த நாற்காலியில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.